மடிக்கக்கூடிய ஓவியங்கள்: தெய்ன் லின், ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் சித்தப்பாவுக்கு ரங்கூனில் பிரேம் கடை. அனோரதா ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், காளியம்மன் கோயில் மணி காதில் விழும் தூரத்தில். பத்து வயதிலிருந்து நான் அங்கேதான் கிடந்தேன். முருகன், காளி, சுவேதகோன் பகோடா, பட்டமளிப்புப் போட்டோ, செத்துப்போனவர்களின் படம் என்று எல்லாம் வரும். எப்போதாவது ஓர் ஓவியமும் வரும். மற்றவர்கள் ஓவியத்தை முன்பக்கமாகப் பார்ப்பார்கள், நாங்கள் முதலில் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்ப்போம். எதன்மேல் வரைந்திருக்கிறது, ஈரம் ஏறியிருக்கிறதா, ஆணி தாங்குமா என்பதுதான் எங்கள் கவலை.

தெய்ன் லின் என்ற பர்மிய ஓவியரைப் பற்றி வெளிநாட்டுப் பத்திரிகைகளில் நிறைய வந்துவிட்டது. சிறை, விடுதலை, பிரிட்டிஷ் தூதரோடு கல்யாணம் என்று கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பின்பக்கம் பார்த்தே பழகிய எனக்கு வேறொரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ஓவியக் கல்லூரி இல்லை, ஸ்டூடியோ இல்லை, காட்சிக்கூடம் இல்லை, வாங்குகிறவனும் இல்லை. அப்படிப்பட்ட ஆறரை வருடத்தில்தான் இந்த ஆள் ஓவியராக ஆனார். அது எப்படி நடந்தது? பதில் பெரும்பாலும் துணியிலும் அதைச் சுமந்து போன கைகளிலும் இருக்கிறது என்று நினைக்கிறேன். திறமை உண்டுதான். அது மட்டும் இருந்திருந்தால் அத்தனையும் ஒரு சிறையின் அடுப்பிலோ சாக்கடையிலோ போயிருக்கும்.

ரங்கூனில் ஓவியராக ஆவதற்கு அந்தக் காலத்தில் ஒரு வழக்கமான பாதை இருந்தது. 1952-ல் தொடங்கிய அரசு நுண்கலைப் பள்ளியில் படிக்கலாம், இல்லை ஒரு சேயாவிடம், அதாவது ஆசானிடம், சீடனாகச் சேரலாம். பகோடா, நீர்த்திருவிழா, மாட்டுவண்டி வரைந்தால் ஸ்காட் மார்க்கெட்டில் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கலாம். (போஜோ மார்க்கெட் என்று பெயர் மாறி எத்தனையோ வருடம் ஆகிறது, எங்கள் வீட்டில் இன்னும் ஸ்காட்தான்.) கொஞ்சம் துணிச்சல் இருந்தால் பன்சொடான் தெருவில் 1971-ல் தொடங்கிய லோகநாத் கேலரியில் மாட்டலாம். ஆனால் மாட்டுவதற்கு முன்னால் தணிக்கைக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். சிவப்பு அதிகம், கறுப்பு அதிகம், நிர்வாணம், என்ன படம் என்றே புரியவில்லை என்று எதைச் சொல்லியும் கழற்றச் சொல்லலாம். பிரேம் போட்டுக் கொடுத்த படம் மறுநாளே கடைக்குத் திரும்பி வந்ததை நானே பார்த்திருக்கிறேன். சித்தப்பா கூலியைத் திருப்பிக் கொடுக்கமாட்டார், ஆனால் டீ வாங்கிக் கொடுப்பார்.

இந்தப் பாதையை விட்டு விலகிப் போனவர்களும் உண்டு. பஜி ஆங் சோ 1951-ல் சாந்திநிகேதனுக்குப் படிக்கப் போனார். திரும்பி வந்தபின் பத்திரிகைகளில் கதைகளுக்கும் கவிதைகளுக்கும் படம் போட்டே பல பத்தாண்டுகள் கழித்தார், 1990-ல் இறந்தார். பர்மாவின் நவீன ஓவியம் அவருடைய காலத்தில் சுவரில் மாட்டப்பட்டதைவிட அச்சில் ஏறியதே அதிகம். மளிகைக்கடையில் பொட்டலம் கட்டிய தாளில்கூட அவர் படம் இருந்திருக்கும். பர்மாவில் ஓவியம் பிழைத்திருக்க வேண்டுமானால் ஏதாவது ஒன்றில் ஏறிப் பயணம் போக வேண்டும். ஆங் சோவுக்கு அது பத்திரிகைத் தாள். தெய்ன் லின்னுக்கு அது லோன்ஜி, அதாவது நாம் கைலி என்பது.

தெய்ன் லின் 1966-ல் ஐராவதி மாநிலத்தின் இங்கபு வட்டாரத்தில் பிறந்தவர். ரங்கூன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார், மாணவர்களோடு சேர்ந்து நகைச்சுவை நாடகமும் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது 1988 வந்தது, ஆட்சிக்கு எதிராக நாடே கிளர்ந்தெழுந்த வருடம். அதைப் பற்றி மேலும் இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முந்தைய வருடம் செப்டம்பரில்தான் 25, 35, 75 கியாட் நோட்டுகளை ஒரே நாளில் செல்லாது என்று அறிவித்தார்கள், ஈடாக ஒரு பைசாவும் கொடுக்கவில்லை. 1964-லேயே ஒருமுறை 50, 100 நோட்டு செல்லாமல் போய் நம் தமிழர்கள் பலர் இந்தியாவுக்குக் கப்பலேறியிருந்தார்கள். இரண்டாவது தடவை அடி எல்லாருக்கும் விழுந்தது. எங்கள் கடையில் ஒருவர் 75 கியாட் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து பிரேம் போடச் சொன்னார். "சாமி படத்துக்குப் போடுற மாதிரி நல்லா போடுங்கண்ணே, இதுதான் எம் பொண்ணு கல்யாணம்" என்றாராம். அந்தக் கதையைச் சித்தப்பா சொல்லிச் சொல்லியே நான் வளர்ந்தேன்.

கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும் தெய்ன் லின் இந்திய எல்லைப் பக்கம் ஓடினார். அங்கே அகதி முகாமில் மண்டலேக்காரரான ஓவியர் சித் ஞெய்ன் ஏ இருந்தார். ஓவியத்தில் தெய்ன் லின்னுக்கு முறையான குரு என்று இருந்தது அவர் ஒருவர்தான். பிறகு காச்சின் பகுதியில், சீன எல்லையோரம் பஜாவ் என்ற இடத்தில், ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய மாணவர் படையின் முகாமுக்குப் போனார். அங்கே நடந்ததைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. கூட இருந்த மாணவர்களையே ராணுவ உளவாளிகள் என்று சந்தேகப்பட்டுக் கட்டிவைத்துச் சித்திரவதை செய்தார்கள். 1992 பிப்ரவரி 12 அன்று 15 பேரைக் கொன்றார்கள். தெய்ன் லின்னும் அந்தக் கைதிகளில் ஒருவர். தப்பி, ஊர் திரும்பி, 1994-ல் சட்டப் படிப்பை முடித்தார். அப்புறம் சினிமாவில் சின்னச் சின்ன வேடம், தெருவில் நிகழ்த்துகலை, நடுநடுவே கொஞ்சம் ஓவியம். அதுவரை பார்த்தால் நிலைகொள்ளாத ஓர் இளைஞனின் வாழ்க்கை என்றுதான் சொல்லத் தோன்றும்.

1998-ல் பழைய தோழர் ஒருவரின் கடிதத்தில் அவர் பெயர் இருந்ததைக் காரணம் காட்டிப் பிடித்தார்கள். ஏழு வருடத் தண்டனை. மண்டலே சிறையிலும், ஐராவதி டெல்டாவில் இருக்கும் மியாங்மியா சிறையிலும் இருந்தார். 2004 நவம்பர் வரை.

உள்ளே தூரிகை கிடையாது. வர்ணம், இரக்கப்பட்ட காவலர்கள் மூலம் கள்ளத்தனமாக வந்தது. வரைய லோன்ஜி இருந்தது. கைதிகளுக்குக் கொடுக்கும் வெள்ளைப் பருத்தித் துணி. தன்னுடையது தீர்ந்ததும் மற்றவர்கள் தங்களுடையதைக் கொடுத்தார்கள். தூரிகைக்குப் பதில் விரல், ஊசி போடும் சிரிஞ்சு, சிகரெட் லைட்டரின் சக்கரம், பற்பசைக் குழாய், சாப்பாட்டுத் தட்டு. சோப்புக் கட்டியைச் செதுக்கி அச்சுக்கட்டையாக்கினார், கண்ணாடித் துண்டில் வர்ணம் தடவித் துணியை மேலே அழுத்தி எடுத்தார்.

இந்தப் பட்டியலைப் பத்திரிகைகளில் படிக்கும்போது ஏதோ அதிசயம் போலத் தெரியும். எனக்குச் சந்தேகம். ஒரு நாள் கடையில் வேலை இல்லாத மதியம், கிழிந்த வெள்ளைக் கைலி ஒன்றை எடுத்துத் தையல் பிரித்தேன். கைலி குழாய் மாதிரி தைத்தது அல்லவா, பிரித்தால் ஏறக்குறைய இரண்டு கஜம் துணி பரப்பிக் கிடக்கும். நடுத்தர அளவுக் கேன்வாஸுக்குச் சமம். லைட்டரைக் கழற்றிச் சக்கரத்தை ஒரு கம்பியில் மாட்டி, வர்ணத்தில் உருட்டித் துணியில் ஓட்டினேன். சக்கரத்தின் பற்கள் ரயில் தண்டவாளம் போல இரண்டு பக்கமும் நுணுக்கமான கோடு போட்டுக்கொண்டே போகின்றன. வளைத்தால் வளைகிறது. அழுத்தினால் பட்டையாகிறது. எந்தத் தூரிகையாலும் அந்தக் கோடு வராது. சிரிஞ்சு இன்னும் சுலபம், மருதாணிக் கூம்பைப் பிடிக்கத் தெரிந்த எந்தப் பெண்ணும் முதல் தடவையே போட்டுவிடுவாள். கோடு மேடாக எழும்பி நிற்கும்.

துணிதான் படுத்தியது. பூச்சு கொடுக்காத பருத்தி வர்ணத்தைத் தண்ணீர் மாதிரி குடிக்கிறது. ஓரம் கசிகிறது. ஒரு தடவை வைத்த இடத்தை மாற்ற முடியாது. வர்ணம் பின்பக்கமும் ஊறி வருகிறது. ஆகவே வேகமாக, தயங்காமல், அழிப்பதைப் பற்றி நினைக்காமல் வரைய வேண்டும். தெய்ன் லின்னின் அந்தக் கால ஓவியங்களில் தெரியும் அவசரத்தை விமர்சகர்கள் சிறையின் பதற்றம் என்று எழுதுகிறார்கள். பதற்றமும் இருந்திருக்கும், காவலன் எந்த நேரமும் வரலாம். ஆனால் பாதி அவசரம் அந்தத் துணியுடையது என்று சொல்வேன். சட்டக்கல்லூரி மாணவனுக்கு ஓவியத்தின் இலக்கணத்தை அந்தத் துணி கற்றுக்கொடுத்திருக்கிறது.

வரைந்த பொருளும் சாதாரணமானதில்லை. 'ஆறு விரல்' என்று ஓர் ஓவியம் உண்டு. கடின உழைப்பு முகாமுக்கு அனுப்பாமல் இருப்பதற்காகக் கைதிகள் தங்கள் விரலையே வெட்டிக்கொண்ட கதை அது. முகாமுக்குப் போனால் திரும்புவது நிச்சயமில்லை, விரல் போனால் கை மிஞ்சும். அந்தக் கணக்கைத்தான் அவர் வரைந்தார். முகங்கள், கம்பிகள், உட்கார்ந்தே இருக்கும் உடம்புகள். சில படங்கள் வெறும் கோடும் நிறமுமாக இருக்கும், என்னவென்று சொல்ல முடியாது.

அப்படிப்பட்ட படங்கள்தான் அவருக்குப் பெரிய இழப்பைக் கொடுத்தன. வெளியே கொண்டுபோக ஒப்புக்கொண்ட காவலர் ஒருவர், அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது சிறையின் வரைபடம், தப்பிக்கத் திட்டம் போடுகிறார்கள் என்று பயந்து அந்தத் துணிக்கட்டு முழுவதையும் அழித்துவிட்டார். தணிக்கை அதிகாரிக்கும் இந்தக் காவலருக்கும் ஒரே பிரச்சினை. இருவருக்கும் படம் புரியவில்லை. தணிக்கைக்காரர்கள் கழற்றிவைத்தார்கள், இவர் அழித்தார் என்பதுதான் வித்தியாசம். ஆனால் அந்தக் காவலரை என்னால் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை. அகப்பட்டிருந்தால் அவரும் உள்ளேதான் போயிருப்பார்.

மற்றவை தப்பின. துணி மடிகிறது. சட்டைக்குள் வைக்கலாம், இடுப்பில் சுற்றலாம், பழைய துணியோடு துணியாகப் போகும். சுமார் 300 ஓவியம் வரைந்ததாகச் சொல்கிறார்கள், அதில் 200-க்கு மேல் வெளியே வந்து சேர்ந்தன. அந்த எண்ணிக்கையைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். 200 தடவை, இல்லை கட்டுகளாகப் போயிருந்தாலும் பல தடவை, யாரோ ஒரு சம்பளக்காரர் தன் வேலையையும் உயிரையும் பணயம் வைத்து ஒரு பழந்துணியைச் சுமந்திருக்கிறார். அவர்கள் பெயர் எந்தக் கண்காட்சிப் பலகையிலும் இல்லை. இருக்கவும் கூடாது.

வெளியே வந்ததை யாரிடம் கொடுத்து வைப்பது? அப்போது ரங்கூனில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர் விக்கி போமன். அவரிடம் ஓவியங்கள் பத்திரமாக இருந்தன. 2006-ல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டு லண்டன் போனார்கள். அடுத்த வருடம் அங்கே ஆசியா ஹவுஸில் கண்காட்சி. ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் சர்வதேச சமூக வரலாற்று நிறுவனம் சிறை ஓவியங்களில் பெரும் பகுதியைப் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. கலை அருங்காட்சியகம் போகாமல் வரலாற்று ஆவணக் காப்பகத்துக்குப் போயிற்று பாருங்கள், அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆவணம் என்று முத்திரை குத்திவிட்டால் ஓவியமாக யார் பார்ப்பார்கள்? அந்தச் சக்கரக் கோட்டைப் பற்றி ஒருவரும் ஒரு பத்தி எழுதவில்லையே என்ற ஆதங்கம்தான் என்னை இதை எழுதவைத்தது. இருந்தாலும் ரங்கூன் மழையிலிருந்து துணி தப்பியது.

மழை என்றதும் என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். சித்தப்பா ஊருக்குப் போயிருந்த ஒரு வாரம், கல்லூரிப் பையன் ஒருவன் துணியில் வரைந்த படத்தைக் கொண்டுவந்தான். சுருக்கமில்லாமல் நிற்கட்டும் என்று நான் அதைப் பலகையில் பசை போட்டு ஒட்டிக் கண்ணாடியும் மாட்டிக் கொடுத்தேன். பார்க்க ஜோராக இருந்தது. ஆகஸ்ட் மாதம் திரும்பி வந்தான். கண்ணாடிக்குள்ளே கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. பிரித்தெடுக்கப் போனால் துணி பலகையோடு நார் நாராகக் கிழிந்து வந்தது. சித்தப்பா என்னைத் திட்டவில்லை. "துணிய துணியா இருக்க வுடணும்டா, அது மூச்சு வாங்கும்" என்றார். அந்தப் பையன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான், பணமும் கேட்கவில்லை.

சரி, தெய்ன் லின் லண்டனுக்குப் போவதற்கு முன்னால் ரங்கூனில் நடந்த ஒன்றை விட்டுவிட்டேன். 2005-ல், விடுதலையான சில மாதங்களிலேயே, சோ ஏ தெய்ன் என்ற பெண் ஓவியரோடு சேர்ந்து நடுத்தெருவில் ஒரு நடமாடும் சந்தை போட்டார். புழக்கத்திலிருந்து போன பழைய சில்லறைக்குச் சாமான் விற்பதுதான் நிகழ்ச்சி. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த ஊரில் பழைய காசு என்றால் என்ன அர்த்தம் என்று 75 கியாட் நோட்டுக்குப் பிரேம் போட்டவர்களுக்குத் தெரியும். போலீஸுக்கும் தெரிந்தது. இருவரையும் பிடித்துச் சில நாள் விசாரித்தார்கள்.

லண்டன் வருடங்களை நான் வேகமாகத் தாண்டுகிறேன். கண்காட்சிகள், நிகழ்த்துகலை, பயணங்கள். அந்தக் காலத்து வேலைகளில் கை பழகியது தெரிகிறது, ஆனால் நல்ல கேன்வாஸும் தூரிகையும் கிடைத்ததும் கோடு கொஞ்சம் சாதுவாகிவிட்டது என்பது என் எண்ணம். ஒரு பிரேம்காரனின் எண்ணம்தான். லண்டன் அவருக்குக் கொடுத்த பெரிய பரிசு ஒரு கை முறிவு. சைக்கிளிலிருந்து விழுந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டியிருக்கும்போது அவருக்குத் தோன்றியிருக்கிறது: உடைந்தது கூடுவதற்காகப் போடுவதுதானே இது.

2012 ஆகஸ்டில் பத்திரிகைகளுக்கான முன்தணிக்கை போயிற்று. 2013-ல் தெய்ன் லின் ஊர் திரும்பினார், மாவுக்கட்டோடு ஆரம்பித்தார். முன்னாள் அரசியல் கைதிகளைத் தேடிப்போய் அவர்கள் வலது கையை முழங்கை வரை மாவுக்கட்டில் வார்த்து எடுப்பது. மாவு இறுகும் வரை அவர்கள் பேசுவார்கள், அதைப் பதிவு செய்வார்கள். எந்த வருடம், எந்தச் சிறை, என்ன குற்றம். 400-க்கும் மேற்பட்ட கைகள் சேர்ந்தன. 2015-ல் ரங்கூனில் ஜெர்மன் கலாச்சார மையமான கோத்தே நிலையத்தின் பழைய பங்களாவில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்.

சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வழக்கம்போல் எல்லாவற்றின் பின்பக்கத்தையும் எட்டிப் பார்த்தார். எப்படி நிற்கிறது, எதில் மாட்டியிருக்கிறது. வரிசை வரிசையாக வெள்ளைக் கைகள், ஒவ்வொன்றிலும் நரம்பும் நகமும் தெரிகிறது. சிலது கிழவர் கை, சிலது சின்னப் பெண்ணின் கை போல மெலிசு. அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது, "இதுல ஒண்ணுக்குக்கூட நமக்கு வேலை இல்லடா" என்றார். பிரேம் போட முடியாது என்பது அவருக்கு ஒரு குறையாகவே இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோப்பையும் தெய்ன் லின் விடவில்லை. சிறையில் இருந்தபோது, கூண்டுக்குள் குந்தியிருக்கும் மனிதனைச் சோப்புக் கட்டியில் செதுக்கி, கைதிகளைப் பார்க்க வந்த செஞ்சிலுவைச் சங்கத்தாரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அறிக்கை எழுத முடியாத இடத்தில் அதுவே அறிக்கை. அந்தச் சங்கம் அவருக்குக் கொடுத்த கைதி எண் 000235. அதையே பிறகு ஒரு கண்காட்சிக்குப் பெயராக வைத்தார். அதே சோப்புச் சிற்பத்தை எடுத்து, பர்மாவின் வரைபடம் முழுக்க அப்படிச் செதுக்கிய சோப்புக் கட்டிகளால் தரையில் பரப்பி, 2016 சிங்கப்பூர் பியனாலே என்ற கலைக் கண்காட்சியில் வைத்தார். சவுக்காரம் வாங்கத் தெரிந்த எந்த வீட்டுக்காரருக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படாது.

துணிக்கும் திரும்பினார், இந்தத் தடவை தமைனுக்கு, அதாவது பெண்கள் கட்டும் லோன்ஜிக்கு. பெண் கட்டிய தமைனுக்கு அடியில் ஆண் போனால் அவன் மகிமை போய்விடும் என்பது பர்மியர் நம்பிக்கை. நம் வீட்டிலும் கொடியில் சேலை உலர்த்துவதற்கு விதி உண்டு, ஆகவே நாம் சிரிக்க முடியாது. பெண்களிடம் பழைய தமைன்களை வாங்கி, அவற்றின்மேலேயே வரைந்தார். 2021 மார்ச்சில், ராணுவ ஆட்சியை எதிர்த்து, ரங்கூன் தெருக்களில் குறுக்கே கயிறு கட்டித் தமைன்களைத் தொங்கவிட்டபோது ராணுவத்தினர் அடியில் வரத் தயங்கி நின்றதை ஊரே பார்த்தது. அதற்கும் இவர் ஓவியத்துக்கும் முடிச்சுப் போட நான் விரும்பவில்லை. அந்த நம்பிக்கை எல்லா வீட்டுக் கொடியிலும் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்ததுதான்.

2022 ஆகஸ்டில் அவரையும் மனைவியையும் பிடித்தார்கள். ஷான் மாநிலத்துக் கலாவில் இருந்த வீட்டு முகவரியைப் பதிவு செய்யவில்லை என்று குடிவரவுச் சட்டத்தில் ஆளுக்கு ஒரு வருடத் தண்டனை. நவம்பர் 17 பொது மன்னிப்பில் இருவரும் வெளியே வந்தார்கள். 2025-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இக்கான் கேலரி அவருடைய வேலைகளை விரிவாகக் காட்சிக்கு வைத்தது.

எங்கள் கடையில் இப்போது சித்தப்பா புதிதாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். துணியில் வரைந்த படம் எதுவும் வந்தால், அளவு கேட்பதற்கு முன், விலை சொல்வதற்கு முன், ஒரு கேள்வி கேட்பார்: "இத எப்பவாவது மடிக்க வேண்டி வருமாம்மா?" 2021 மழைக்காலத்தில் வந்த ஒரு பெண்ணிடமும் கேட்டார். அவள் தெருப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், பதில் சொல்லவில்லை. சித்தப்பா பசை டப்பாவை ஓரமாக நகர்த்திவிட்டு ஊசியை எடுத்தார். நாலு ஓரமும் பின்துணியோடு சேர்த்து ஓட்டுத்தையல், பெரிய பெரிய தையலாக, ஒரே நூலில். கடைசி முடிச்சை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி விட்டு, அதைத் தொட்டுக் காட்டினார். "இத இழுத்தா மொத்தமும் வந்துடும்."